டிரையருக்கு மேலே ஒரு மேகம்

கனடாவில், ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நிற்கிற செங்கல் வீடுகளின் வரிசை ஒன்றில், எதற்கும் பயப்படுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தவமலர் என்று பெயர். அவள் பயப்படாத பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்டில் நின்ற, ஈர உடுப்புக் காயவைக்கும் டிரையர். அடுப்புக்குப் பயந்தாள், வெளியே போகுமுன் அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, போனில் படமும் எடுத்து, காருக்குள் ஏறிய பிறகு அந்தப் படம் நேற்று எடுத்ததோ என்று சந்தேகப்பட்டு மறுபடி இறங்கி வந்தாள். நகரும் படிக்கட்டுக்குப் பயந்தாள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் குரல்களுக்குப் பயந்தாள், வெள்ளை நிறத்துக் காளானுக்கும் பயந்தாள். ஒருமுறை கலியாண வீடொன்றுக்குப் போகிற வழியில், அயன்பெட்டியை நிறுத்தினேனோ இல்லையோ என்று அழாக்குறையாகக் கேட்டு, நெடுஞ்சாலையிலிருந்து காரைத் திருப்ப வைத்தாள். வீட்டுக்கு வந்து தேடினால் அயன்பெட்டியைக் காணவில்லை. அது அவளுடைய மடியிலிருந்த பைக்குள்ளேயே இருந்தது. பயத்தில் கூடவே எடுத்து வந்திருந்தாள்.

டிரையருக்கு மட்டும் அவள் பயப்படவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கும் விளங்குகிற மெஷின் அது. உடுப்பைப் போட்டுக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் சுற்றும். மணி அடித்தால் எடுக்க வேண்டியதுதான். கேள்வி கேட்காது, கடவுச்சொல் கேட்காது. சுற்றும்போது அதிலிருந்து வரும் 'கடகட' சத்தம், வீட்டில் அவளோடு சண்டை பிடிக்காத ஒரே குரல் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

அப்படியிருக்க, தை மாதத்தில், வெளியே பனி முழங்கால் வரைக்கும் விழுந்து கிடந்த ஒரு மத்தியானம், ஒரு சுற்றில் காயாத துவாய்களைத் திட்டிக்கொண்டே இரண்டாம் சுற்றுக்குப் போட்டுவிட்டு, கறியை இறக்கி வைத்து, மறுபடி கீழே போனவள், டிரையருக்கு மேலே ஒரு மேகம் நிற்பதைக் கண்டாள். தலையணை அளவு இருந்தது. மேகங்கள் இருக்கிற மாதிரியே அடியில் சாம்பல் நிறமாகவும் மேலே வெள்ளையாகவும், சவர்க்காரத் தூள் பெட்டிக்கும் கூரைக் குழாய்க்கும் நடுவில், அங்கேயே பிறந்து வளர்ந்தது போல நின்றது. காளானைக் கண்டு ஓடுகிறவள் அதைக் கண்டு ஓடவில்லை. நல்லவேளை, தண்ணீர்க் குழாய் உடையவில்லை என்றுதான் நினைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கீழே ஒரு மேகம் நிக்குது," என்று படியில் நின்று கூப்பிட்டாள்.

மேலே அவளுடைய கணவர் சிவநேசன் சோற்றுக்கு முன்னால் இருந்தார். "மழை பெய்யுதோ?" என்று கேட்டார்.

"தூறல்தான்."

"வாளி வைச்சனீரோ?"

"வைச்சிட்டன்."

"பிறகென்ன," என்று சொல்லிச் சிவநேசன் சோற்றைப் பிசைந்தார்.

மேகம் வந்த செய்தி வரிசை வீடுகளுக்குள் அன்றைக்கே பரவியது. ஆனால் அது மேகத்துக்காகப் பரவவில்லை. அந்த வரிசையில் பனிக்காலம் வந்தால் மனிதருடைய சுகத்தை இரண்டாவதாகத்தான் விசாரிப்பார்கள், முதலில் விசாரிப்பது கறிவேப்பிலைக் கன்றை. இலையுதிர்காலத்தில் சாடியோடு தூக்கி வீட்டுக்குள் கொண்டுவரப்படுகிற அந்தக் கன்றுகள், ஹீற்றரின் வறண்ட காற்றில் ஒவ்வொரு இலையாகக் கொட்டி, தை மாதம் பிறக்கும்போது வெறும் குச்சிகளாக நிற்கும். அந்தக் குச்சிகளுக்குப் போர்வை சுற்றுவார்கள், மோர் ஊற்றுவார்கள், பக்கத்தில் நின்று தேவாரம் படிப்பார்கள். பக்கத்து வீட்டு யோகாம்பிகை, ஒருவரும் தேர்ந்தெடுக்காமலே அந்த வரிசைக்குத் தலைவியாகிவிட்ட யோகக்கா, தன் கன்றுக்கு முன்னால் ஒருவரும் உரத்துப் பேசக்கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தாள்.

யோகக்கா மேகத்தைப் பார்க்க வந்தாள். மேகத்தை ஒரு கணந்தான் பார்த்தாள். பிறகு மூக்கை உயர்த்தி, அறையின் காற்றை இழுத்து, நாக்கில் வைத்துப் பார்க்கிறவள் போல யோசித்தாள்.

"தவம், உது நல்ல ஈரமடி."

"ஈரந்தான் அக்கா. சுவரெல்லாம் வேர்க்குது."

"என்ர கன்றை ஒருக்கா உதுக்குக் கீழ வைச்சுப் பாப்பமே?"

வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் அந்தக் குச்சி, சிவந்த நுனியோடு துளிர்த்தது. அதற்குப் பிறகு தவமலரின் வீட்டுக் கதவு சாத்தப்படவேயில்லை. வரிசையிலிருந்த கன்றுகள் எல்லாம் போர்வையும் குல்லாவும் போட்டு, பிறந்த பிள்ளைகளைத் தூக்கி வருவது போல, பனிக்குள்ளால் தூக்கி வரப்பட்டு, டிரையரைச் சுற்றி வைக்கப்பட்டன. தன் சாடியை மற்றவள் நகர்த்திவிட்டாள் என்று சண்டை வந்தது, பிறகு சமாதானம் வந்தது, பிறகு பிளாஸ்கில் தேநீரும் வடையும் வந்தன. தேவாலயத்துக்குப் போகிற ஜெசிந்தா மேகத்துக்குத் தீர்த்தம் தெளித்தாள். அதைக் கண்ட யோகக்கா விடுவாளா, டிரையரின் நெற்றியில் மூன்று குறி விபூதி பூசி, நடுவில் சந்தனமும் வைத்தாள். மேகம் வித்தியாசம் பாராமல் இரண்டு பக்கத்து மரியாதையையும் ஏற்று, ஒரு சாண் பெருத்தது. கோயில் ஐயர் நேரில் வந்து பார்த்துச் சொல்வதாக இருந்தது; வந்தவர் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டார். மேகத்துக்கு முன்னால் நிறுத்திப் படமெடுக்க பூப்பெய்திச் சாமத்தியச் சடங்கு நடந்த பெண் ஒருத்தியைப் பட்டுச்சேலையோடு கூட்டி வந்தார்கள். படம் நன்றாக வந்தது, சேலைதான் நனைந்துவிட்டது.

மேகத்துக்கும் பசி இருந்தது. டிரையர் ஓடாத நாளில் அது மெலிந்து, ஓரங்கள் நூல் நூலாகப் பிரிந்து, பாவமாகத் தொங்கும். அதனால் பெண்கள் தங்கள் வீட்டு ஈர உடுப்புகளையும் பைபையாகக் கட்டிக்கொண்டு வந்து தவமலரின் டிரையரில் போடத் தொடங்கினார்கள். முன்பு ஒரு சுற்றில் காய்ந்தவை இரண்டு சுற்றிலும், பிறகு மூன்று சுற்றிலும் காயாமல் நின்றன. ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. காயாவிட்டால் இன்னும் நல்லது, மேகத்துக்கு இன்னொரு கவளம்.

தவமலருக்கு என்ன நடந்தது என்றால், அவளுக்குப் பயம் போய்விட்டது. 'பயந்தாங்கொள்ளி' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் இப்போது 'மேகக்கா' என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். கோயிலில் அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். அவள் அடுப்பைத் தொட்டுப் பாராமல் வெளியே போனாள், நகரும் படிக்கட்டில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினாள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனுடைய சுகத்தை விசாரித்து, சளித் தடிமனுக்கு மல்லி அவித்துக் குடிக்கச் சொன்னாள். இரவில் அவள் விட்ட குறட்டையைக் கேட்டுச் சிவநேசன்தான் பயந்துபோனார். பிறந்த நாளிலிருந்து பயந்து பயந்து பயிற்சி எடுத்த ஒருத்தி, உண்மையாகவே பயப்பட வேண்டிய நேரம் பார்த்து லீவு எடுத்துக்கொண்டாள் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்கூட.

மாசி பிறந்து, சிவநேசனுக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டதால், குப்பைத் தொட்டியை வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கைக்கு இழுத்துப் போகும் வேலை தவமலருக்கு வந்தது. காலையில் இழுத்துப் போனாள். நல்ல குளிர், மூக்குக்குள் மயிர் விறைக்கிற குளிர். அந்த நேரம் வரிசையில் எல்லா வீட்டிலும் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும், முழங்கால் உயரத்தில், டிரையரின் வெளிக்குழாயை மூடியிருக்கும் சிறிய தகட்டு மூடி திறந்து திறந்து, வெள்ளை ஆவி வந்துகொண்டிருந்தது. சவர்க்கார மணத்தோடு அந்த வீடுகள் மூச்சு விட்டன. ஒவ்வொரு மூடிக்கும் கீழே பனி உருகி, ஒரு பாய் அளவு ஈரப் புல் தெரிந்தது. ஜெசிந்தா வீட்டுப் புல்லில் அணில் ஒன்று குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

அவளுடைய வீட்டிலும் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அவளே போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அவளுடைய வீடு மட்டும் மூச்சு விடவில்லை. சுவருக்குக் கீழே பனி, ஒரு குறையும் இல்லாமல், தோய்த்து விரித்த வெள்ளைச் சேலை மாதிரிக் கிடந்தது.

குப்பைத் தொட்டியைப் பிடித்தபடியே நின்றாள். பழைய செருப்புக்குள் கால் போய்ப் பொருந்துவது போல, பயம் அவளுக்குள் திரும்பி வந்து பொருந்தியது.

உள்ளே ஓடி வந்து டிரையரின் தலையில் கையை வைத்தாள், வைத்த கையை உடனே எடுத்தாள். தோசைக்கல் சூடு. முகர்ந்து பார்த்தாள், பழுத்த கறிவேப்பிலை வாசம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது பொசுங்கிய துணியின் வாசம். மூன்று சுற்றிலும் காயாத துவாய், வேர்க்கிற சுவர், நடு அறையில் ஒரு முழு மேகம் என்று, ஒவ்வொன்றும் வாசலில் வந்து நின்று தட்டியிருக்கிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் தேநீர் கொடுத்து இருத்தி வைத்திருந்தாள். சூடான காற்று போக வழியில்லாமல் குழாய்க்குள் உடுப்புகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு இறுகிப்போயிருக்கிறது, பஞ்சும் சூடும் ஒன்றாயிருந்தால் பிறகு என்ன வரும் என்பது எட்டாம் வகுப்புக்கு முன்னாலேயே படித்த விஷயம்.

அந்த அறையின் சுவருக்கு மறுபக்கம் மகள் ஆரணியின் அறை. கொலிஜில் படிக்கிற பெண். தவமலர் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். ஆரணி போர்வைக்குள் கிடந்தாள், அவளுடைய கட்டில் முன்பிருந்த யன்னல் பக்கத்தில் இல்லை, அந்தச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தவமலர் சுவரில் கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

"கட்டிலை ஏன் இஞ்ச இழுத்தனி?"

"நல்ல சூடம்மா. ஹீற்றர் மாதிரி. தலைமாட்டில வைச்சுப் படுத்தா சொர்க்கம்."

"எழும்படி. எழும்பி மேல வா. சுவர் எரியப்போகுது."

ஆரணி போர்வையை விலக்கித் தாயைப் பார்த்தாள், பிறகு திரும்ப மூடிக்கொண்டாள். "பழைய அம்மா வந்திட்டா," என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்.

சிவநேசன் நாரிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "நாளைக்கு ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவம்," என்றார். அவருடைய நாளை எவ்வளவு நீளமானது என்று தவமலருக்குத் தெரியும். மேல்மாடிக் குழாய் ஒழுகத் தொடங்கியபோது சொன்ன நாளை இன்னும் வந்து சேரவில்லை.

அவள் கீழே இறங்கிப் போகும்போது பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். யோகக்கா தன் வீட்டுத் துவாய்களை இரண்டு பைகளில் கொண்டுவந்திருந்தாள். சனிக்கிழமை கோயிலில் அன்னதானம். ரசத்துக்கும் சம்பலுக்கும் வேண்டிய கறிவேப்பிலை முழுவதும் தங்கள் வரிசையிலிருந்துதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தவமலர் அவர்களை விலக்கிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த டிரையரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

'கடகட' நின்றது. மேகம் ஒரு விக்கல் விக்கியது.

"என்னடி செய்யிறாய்?"

"நெருப்புப் பிடிக்கப்போகுது அக்கா. காத்துப் போற குழாய் அடைச்சுப்போய்க் கிடக்கு."

"மழை பெய்யிற அறைக்குள்ள நெருப்பு எப்பிடியடி பிடிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நியாயமான கேள்விதான். ஆனால் தவமலர் வயரைக் கையிலிருந்து விடவில்லை.

"எனக்குத் தெரியாது அக்கா. என்ர பிள்ளை அந்தச் சுவரில தலை வைச்சுப் படுக்கிறாள்."

"சனிக்கிழமை வரைக்கும் பொறு, ராசாத்தி. அன்னதானம் முடியட்டும். பிறகு நீ குழாயைக் கழட்டு, கூரையைக் கழட்டு, என்னத்தையும் கழட்டு."

"மாட்டன்."

யோகக்காவிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டவர்கள் அங்கே இல்லை. தவமலருக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. ஒரு காலை டிரையருக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து, இடுப்பால் தள்ளி, மெஷினை முன்னால் நகர்த்தி, பின்னாலிருந்த வெள்ளிக் குழாயின் வளையத்தைத் தளர்த்தி இழுத்தாள். குழாய் கழன்று வந்தது. அதன் வாய் நிறையப் பஞ்சு.

கையை விட்டு இழுத்தாள். பஞ்சு வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது. மந்திரவாதி வாயிலிருந்து துணி இழுப்பது போல, பெண்கள் சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க, வந்துகொண்டேயிருந்தது. முதலில் சிவநேசனின் வேலைச் சட்டையின் நீலம், பிறகு ஆரணியின் போர்வைச் சிவப்பு, பிறகு ஜெசிந்தா வீட்டுப் படுக்கை விரிப்பின் மஞ்சள், பிறகு அந்த வரிசை வீடுகள் முழுவதும் குளித்துத் துடைத்த துவாய்களின் எல்லா நிறமும், அடுக்கடுக்காக, இறுகி, மெத்தையாகி வந்தது. கடைசியில் சுவருக்குள் போகிற வளைவிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டு வந்தது. அது கறுப்பாக இருந்தது. விரல் பட்டதும் ஓரம் பொடிந்து உதிர்ந்தது.

தவமலர் அதைக் கையில் ஏந்தி யோகக்காவுக்கு முன்னால் நீட்டினாள்.

யோகக்கா குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு நிமிர்ந்து, "உது என்ர கறுத்தத் துவாயின்ர பஞ்சு," என்றாள்.

அத்தோடு வழக்கு முடிந்தது. எரிந்த வீடென்றால் தெருவில் நின்று காட்டலாம். எரியாமல் போன வீட்டை எவருக்குக் காட்டுவது? தவமலர் இனி ஆயுள் முழுக்கப் பயந்தாங்கொள்ளிதான் என்று அந்த அறையில் தீர்ப்பாகிவிட்டது. விளக்குமாற்றுத் தடியால் குழாயைக் கடைசி வரை குத்தித் துடைத்து, வளையத்தை இறுக்கி மாட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே பின் ஒழுங்கைக்குப் போனாள்.

பனியைக் கையால் விலக்கி வெளிமூடியைக் கண்டுபிடித்தாள். அது ஒரு மண்ணிறக் காலுறையால் சுற்றி, நன்றாக மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. எந்த மூதேவி கட்டினது என்று திட்ட வாயைத் திறந்தவள், காலுறையின் குதிக்காலில் தான் தைத்த தையலைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள். காற்றில் அந்த மூடி 'டப் டப்' என்று அடித்ததைக் கள்ளன் வந்துவிட்டான் என்று நினைத்து, போன ஐப்பசியில், அவளே வந்து அசையாமல் கட்டிவிட்டுப் போய், பத்திரமாகப் படுத்திருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜெசிந்தா வீட்டு அணில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முடிச்சை வெட்டி, காலுறையைச் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

உள்ளே வந்து வயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். டிரையர் சுற்றத் தொடங்கியது. இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது, தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிறவரின் குரல் மாதிரி. அறையின் காற்று மெல்ல மெஷினை நோக்கி அசைந்தது. மேகத்தின் ஓரம் முதலில் நீண்டது, பிறகு அதன் வயிறு தாழ்ந்தது, பிறகு கறிவேப்பிலைக் கன்றுகளின் தலையை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, டிரையரின் பின்பக்க இடுக்குக்குள் மெதுவாக, கூட்டமான பஸ்ஸில் ஏறுகிறவர் போல ஒடுங்கி ஒடுங்கி ஏறியது.

"போகுது, போகுது!" என்று யோகக்கா கத்தினாள்.

எல்லோரும் கையில் கிடைத்த கோட்டையும் போர்வையையும் போர்த்துக்கொண்டு, விமானநிலையத்துக்கு ஓடுகிற மாதிரிப் பின் ஒழுங்கைக்கு ஓடினார்கள். ஆளை வழியனுப்பி வைக்கிற விஷயத்தில் அந்த வரிசை ஒரு குறையும் வைத்ததில்லை. ஜெசிந்தா மிஞ்சிய வடைகளைத் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள், யாருக்கென்று அவளுக்கே தெரியவில்லை. சுவரின் மூடி படாரென்று திறந்து, மேகம் பிதுங்கி வெளியே வந்து, குளிர் பட்டதும் சிலிர்த்து, குட்டையான பின்வேலிக்கு மேலே நின்றது. உள்ளே அவ்வளவு பெரிதாக இருந்தது வெளியே கைக்குட்டை மாதிரித் தெரிந்தது.

"போட்டு வா, ராசா," என்று யோகக்கா விம்மினாள். மூக்கைத் துடைத்தாள். "போட்டு வா."

"போட்டு வாங்கோ," என்றாள் ஜெசிந்தா, தீர்த்தம் தெளித்த மரியாதையோடு. சிவநேசனும் நாரியைப் பிடித்தபடி வந்து நின்று, "சரி, போட்டு வாரும்," என்றார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தவமலரின் முறை வந்தது.

"போ," என்றாள் தவமலர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்குப் போகிறவரிடமும், கப்பலேறுகிறவரிடமும், கண் மூடப்போகிறவரிடமும்கூட எங்கள் ஆட்கள் வாயில் வராத சொல் அது. போகிற எதையும் 'போட்டு வா', போய்த் திரும்பி வா, என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். யோகக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேகமும் அசையாமல் நின்றது.

தவமலரின் பயம் உடனே விழித்துக்கொண்டது. என்ன சொல் சொல்லிவிட்டேன், ஒரு குற்றமும் செய்யாத மேகம், மழைகூடச் சத்தமில்லாமல் பெய்தது, போகிற வழியில் அதற்கு ஒன்று நடந்தால் பழி யாருக்கு, மலையில் முட்டினால், விமானத்தில் அடிபட்டால். அந்த நேரம் பின்கதவைத் திறந்து, தகப்பனின் பனிச் சப்பாத்துக்குள் வெறுங்காலை விட்டுக்கொண்டு, போர்வை இழுபட ஆரணி வெளியே வந்தாள்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்? என்ர சுவர் ஆறுது. இப்பவே பாதிச் சூடு போட்டுது. நான் இனி எப்பிடிப் படுக்கிறது?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினாள்.

தவமலர் மகளைப் பார்த்தாள். தலைமயிர் கலைந்து, மூக்கு சிவந்து, கோபத்தில் உதடு பிதுங்கி, உயிரோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். தவமலர் வேலியைப் பிடித்து ஏறி நின்று, மேகத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"சரி, வாறதெண்டா வா!" என்று கத்தினாள். "ஆனா குழாய்க்குள்ளால வராதை! மனிசர் மாதிரி முன்வாசலால வந்து மணியை அடி!"

மேகம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்லத் திரும்பி, கூரைகளுக்கு மேலே ஏறி, ஏரிப் பக்கமாக நகரத் தொடங்கியது. அது கண்ணுக்கு மறையும்வரை தவமலர் வேலியில் நின்றாள், யோகக்கா கோட்டைப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை.

"வர முதல் ஒருக்கா போன் அடிச்சிட்டு வா!" என்று மறுபடி கத்தினாள். "போய்ச் சேர்ந்ததும் அடி!"